கராஜுக்குப் போய் வந்த கார் தண்ணி குடித்தால்

வன்னி முற்றம் மணல் முற்றம். சீமெந்துத் தரையில் நிற்கிற காருக்கு அடியில் நாலு துளி விழுந்தால் விடியக் கண்ணில் படும். எங்கள் முற்றத்தில் கால் லீற்றர் ஒழுகினாலும் மணல் உறிஞ்சிவிடும், மிச்ச அடையாளத்தைக் கோழி கிளறிவிடும். அதனால் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி, ஒழுகுகிற விஷயம் இங்கே பலருக்குத் தெரியவருவது ஏ9 வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், பொனற்றுக்குள் இருந்து ஆவி கிளம்பும்போதுதான்.

எனக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. கிளிநொச்சியில் ஒரு கராஜில் அந்தத் தண்ணியை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிற வோட்டர் பம்மை மாற்றி, புதுக் கூலன்ற் விட்டுக் கொண்டுவந்த கார். ஐந்தாம் நாள் பார்த்தால், பொனற்றுக்குள் இருக்கிற கூலன்ற் போத்தலில் அடிமட்டத்தில் கொஞ்சம் நிற்கிறது. 'பம்மைச் சரியாகப் பூட்டவில்லை' என்று முடிவு கட்டிக்கொண்டு கோபத்தோடு போனேன். மெக்கானிக் அண்ணை காரைத் தூக்கி, டோச் அடித்துப் பார்த்துவிட்டு, பம்முக்கு ஒரு சாண் தள்ளி இருந்த சின்னப் பழைய ஹோஸைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, பம் புதுசு. இந்த ஹோஸ் கார் வந்த நாளில இருந்து இருக்கு. பழைய பம் ஒழுகிக்கொண்டு இருந்த வரைக்கும் உள்ளுக்குப் பிறஷர் ஏறேல்லை. இப்ப பம் இறுக்கம். இது விட்டிட்டுது."

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. திருத்த வேலைக்குப் பிறகு தண்ணி குறைந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். வேலை சரியாகச் செய்யப்படவில்லை. அல்லது வேலை சரி, ஆனால் பக்கத்தில் இருந்த பழைய சாமான் இப்போது தோற்றுவிட்டது. அல்லது கசிவே இல்லை, உள்ளே நின்ற காற்று வெளியேறித் தண்ணி மட்டம் இறங்கியிருக்கிறது. எது என்று தெரியாமல் கராஜுக்குப் போனால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். முதல் தடவை கார் வாங்கியவர்களும் இதைக் கண்டுபிடிக்கலாம். பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை.

கை வைக்க முதல்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். இதை எல்லாரும் சொல்லுவார்கள், காரணத்தைச் சொல்லமாட்டார்கள். வெளியே தண்ணி 100 பாகையில் கொதிக்கும். ஜப்பான் கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அந்த அளவு அழுத்தத்தை மூடி உள்ளே பிடித்து வைத்திருப்பதால் தண்ணி 120 பாகைக்குக் கிட்டப் போனாலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு அடிக்கும். துணி போட்டு மெல்லத் திறக்கலாம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள். இரவு முழுக்க நின்ற காரை விடியத் திறவுங்கள்.

ரேடியேற்றர் ஃபான் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். ஆக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சினே தானாகத் தொடங்கும். 'ரெடி' விளக்கு அணைந்திருக்க வேண்டும், திறப்பைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஓடுகிற தடித்த வயர்களில் கை படவே கூடாது.

இன்னொன்று. கூலன்றில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கோல். இனிப்பாக இருக்கும், நாயும் ஆட்டுக்குட்டியும் நக்கிக் குடிக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். பிடித்த கூலன்றை மூடிய கானில் வையுங்கள். கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

விழுகிறது என்ன?

மணலில் தெரியாது என்றால் தெரிகிற மாதிரிச் செய்ய வேண்டும். கடையில் இருந்து பெரிய பிஸ்கற் பெட்டி ஒன்றை வாங்கி விரித்து, முன்பக்கத்துக்கு அடியில் போடுங்கள். காற்றுக்கு அசையாமல் கல் வையுங்கள். முன் சில்லுகள் எங்கே நிற்கின்றன என்று மட்டையிலேயே பேனாவால் கீறிவிடுங்கள். விடியத் துளி எந்தப் பக்கம், எவ்வளவு முன்னுக்கு என்று சொல்ல அது உதவும்.

துளி கிடந்தால் உடனே பதறவேண்டாம். ஏசி போட்டு ஓடிய காரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடிக்கு நேர் கீழே, காருக்கு வெளியே நிலத்தில் தண்ணி சொட்டுவது சாதாரணம். நிறமில்லை, மணமில்லை, விரலில் வழுக்காது. கூலன்ற் வழுக்கும், ஒரு இனிப்பு மணம் வரும், காய்ந்தால் நிறத்தோடு பிசுபிசுக்கும். ரொயோட்டாவின் கூலன்ற் இளஞ்சிவப்பு, ஹொண்டாவினது நீலம். ஆனால் கடையில் விற்கிற மற்றவை பச்சை, சிவப்பு என்று எந்த நிறத்திலும் வரும். அதனால் என்ன ஊற்றினார்கள் என்று கராஜில் கேட்டு வையுங்கள். வெறும் தண்ணி ஊற்றியிருந்தால் நிறத்தை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது.

சிவப்புத் துளி என்றால் கியர் ஒயிலோ என்ற சந்தேகம் வரும். ஒரு கோப்பைத் தண்ணியில் அந்தத் துளியை விடுங்கள். கரைந்து கலந்தால் கூலன்ற், மேலே மிதந்தால் ஒயில்.

பம், ஹோஸ், சூட்டைப் பார்த்துக் கூலன்றுக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாற் எதைக் கழற்றினாலும் உள்ளே இருக்கிற கூலன்ற் கொட்டத்தான் செய்யும். அது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பிளாஸ்ரிக் தட்டிலும் இடுக்குகளிலும் தேங்கி, ஒரு நாள் இரண்டு நாள் சொட்டும். இதைக் கசிவு என்று நினைத்துத் திரும்ப ஓடுகிறவர்கள் நிறையப் பேர். எஞ்சின் ஆறியபின் அந்த இடங்களை மெல்லத் தண்ணி விட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு, அதற்குப் பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். அழுக்கு எஞ்சினில் எது பழைய கறை, எது புதுக் கறை என்று கடவுளுக்கும் தெரியாது.

மட்டம் பார்ப்பது

போத்தலில் மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டு இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, சமதரையில், ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மட்டம் இருக்கிற இடத்தில் மாக்கரால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் அன்றைய கிலோமீற்றரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறித்தான் நிற்கும், அது கணக்கில்லை.

வேலை முடிந்த முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் மட்டம் கொஞ்சம் இறங்கலாம். கூலன்ற் விடும்போது உள்ளே மாட்டிய காற்று மெல்ல வெளியேற, அந்த இடத்தைப் போத்தலில் இருப்பது போய் நிரப்பும். மேல் கோட்டுக்கு நிரப்பிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஒரு தடவை இறங்கி அப்படியே நின்றுவிட்டால் காற்றுத்தான். ஒவ்வொரு நாளும் இறங்கினால் கசிவு. இந்த வித்தியாசத்தைக் காட்டுவது அந்தக் கொப்பி மட்டுமே, அதனால்தான் எழுதச் சொல்லுகிறேன்.

போத்தலை மட்டும் நம்பவும் கூடாது. மூடி பழுதென்றால், எஞ்சின் ஆறும்போது போத்தலில் இருந்து ரேடியேற்றருக்குத் தண்ணி திரும்ப இழுபடாது. போத்தல் நிறைய இருக்கும், ரேடியேற்றர் வெறுமையாக இருக்கும். அதனால் விடியக்காலையில் மூடியையும் திறந்து உள்ளே பாருங்கள். வாய்வரை நிற்க வேண்டும். சில கார்களில் ரேடியேற்றரில் மூடி இராது, போத்தலின் மூடியே அழுத்த மூடியாக இருக்கும். அந்த மூடிக்கும் மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

காற்று நிற்கிறது என்று தோன்றினால், காரின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தி வெளியேற்றுவது வழக்கம். வன்னியில் மேட்டுக்கு எங்கே போவது? குளக்கட்டுக்கு ஏறுகிற சரிவு போதும். ஆறிய எஞ்சின், திறந்த மூடி, காருக்குள் வருகிற சூட்டுக் காற்றை முழுச் சூட்டுக்குத் திருப்பி எஞ்சினை ஓடவிடுங்கள். மட்டம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, குமிழி நின்று ரேடியேற்றரின் மேல் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். பல ஹைபிரிட் கார்களில் வோட்டர் பம் பெல்ற்றில் ஓடாது, மின்சாரத்தில் ஓடும். காற்று எடுக்க கம்பியூட்டர் பூட்டிப் பம்மை ஓட்ட வேண்டிவரும், அதைக் கராஜுக்கே விடுங்கள். அந்தக் கார்களில் எஞ்சினுக்கு ஒரு போத்தல், பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றிக் கொடுக்கிற இன்வேற்றருக்கு ஒரு போத்தல் என்று இரண்டு இருக்கும். எது குறைகிறது என்று பார்க்காமல் ஒன்றுக்கு ஊற்றிக்கொண்டு மற்றதைத் தேடியவர்களையும் கண்டிருக்கிறேன்.

கை போன வழியே கண்ணும்

கசிவென்று உறுதியானால், மெக்கானிக்கின் கை எங்கெல்லாம் போனதோ அங்கே முதலில் பாருங்கள். பில்லில் எழுதிய சாமான் மட்டுமல்ல, அதை எடுக்க எதையெல்லாம் கழற்றினார் என்று கேளுங்கள். பம் மாற்ற ஒரு ஹோஸை இழுத்திருப்பார், ரேடியேற்றருக்குக் கீழே உள்ள பிளாஸ்ரிக் திருகைத் திறந்து தண்ணி இறக்கியிருப்பார். அந்தத் திருகின் றப்பர் வளையம் பழசானால் ஒருமுறை திறந்த பிறகு திரும்பச் சரியாக அமராது. பிளையரால் இறுக்கினால் திருகே வெடிக்கும்.

ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்புகளில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கம்பனியில் இருந்து வருகிற சுருள் கிளிப் ஹோஸ் சுருங்கும்போதும் விரியும்போதும் கூடவே பிடிக்கும். அது தளர்ந்ததென்று எறிந்துவிட்டு ஸ்குறூ கிளிப் பூட்டுவார்கள். தப்பில்லை, ஆனால் அது ஹோஸ் மாட்டியிருக்கிற குழாயின் முனையில் இருக்கிற வரம்புக்கு உள்பக்கமாக நேராக அமர வேண்டும். வரம்பின் மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் வாய் திறக்கும். மிஞ்சி இறுக்கினால் பழைய ஹோஸை வெட்டும். கிளிப்பின் தடம் முன்பு பதிந்த பள்ளத்தில் இல்லாமல் தள்ளி நிற்கிறதா பாருங்கள். கிரவல் ரோட்டில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வாரம் ஓடினால் அரைகுறையாய் நின்ற கிளிப் தன் குணத்தைக் காட்டிவிடும். விடியக் குளிரில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றுவிடுகிற கசிவும் பெரும்பாலும் கிளிப்பில்தான்.

சூட்டில் மட்டும் கசிவது வேறு மாதிரி. விழுகிற தண்ணி எஞ்சின் சூட்டிலேயே ஆவியாகிவிடும், மட்டையில் ஒன்றும் இராது. அப்போது தேட வேண்டியது காய்ந்த தடத்தை: வெள்ளையாகவோ கூலன்றின் நிறத்திலோ படிந்த உப்புப் போன்ற படை. அது கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்றில் பின்னுக்கும் போகும். ஆகவே தடத்தின் மேல் முனையும் முன் முனையும் எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம். கைக்கு எட்டாத இடத்துக்கு ஒரு கம்பியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். நிறம் பிடிக்கும்.

தெர்மோஸ்டாற் மாற்றியிருந்தால் அதன் மூடி பொருந்துகிற விளிம்பு. இடையில் அடைப்புக்கு வைக்கிற பழைய கஸ்கற்றைச் சுரண்டாமல் அதன்மேல் சிலிக்கோனைப் பிதுக்கி அப்பியிருந்தால் வெளியே வழிந்து நிற்கும். வெளியே அவ்வளவு என்றால் உள்ளேயும் அவ்வளவு இருக்கும், அது பிய்ந்து போய் ரேடியேற்றரின் சின்னக் குழாய்களை அடைக்கும். பம் மாற்றியிருந்தால் அதன் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். உள்ளே உள்ள சீல் தோற்றால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே வைத்த துவாரம் அது. புதுப் பம்மில் முதல் ஓட்டத்தில் லேசான ஈரம் தெரிந்தால் பொறுக்கலாம். சொட்டினால் பம் பிழை. அந்தத் துவாரத்தைச் சிலிக்கோன் வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கை போன இடமெல்லாம் காய்ந்திருந்தால் பழையவற்றுக்கு வாருங்கள். ரேடியேற்றரின் மேல் பிளாஸ்ரிக் தாங்கி கறுப்பு நிறம் மாறிப் பழுப்படித்திருந்தால் மயிரிழை வெடிப்புக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறுகி நொறுநொறு என்றாலோ, சோற்றுக்கட்டி மாதிரிக் குழைந்தாலோ அது போய்விட்டது. மூடியின் அடியில் உள்ள றப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், அதே எண் உள்ள மூடியாக. வேலையிலேயே மலிவான வேலை இதுதான், ஆனால் கடைசியாகத்தான் செய்வார்கள்.

அழுத்திப் பார்த்தல்

கண்ணில் படாவிட்டால் கராஜில் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம் ஒன்றைப் பூட்டி, மூடியில் போட்ட எண் அளவுக்குக் காற்று ஏற்றுவார்கள். அதற்கு மேலே ஏற்றக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஊசி அசையாமல் நின்றால் அநேகமாக வெளிக்கசிவு இல்லை. இறங்கினால் எங்கேயோ சொட்டுகிறது, எஞ்சின் ஓடாததால் சத்தமும் சூடும் இல்லாமல் நிதானமாகத் தேடலாம். எல்லாக் கராஜிலும் இந்தச் சாமான் இராது. போக முதல் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஊசி இறங்குகிறது, வெளியே ஒரு துளி இல்லை என்றால் விஷயம் கொஞ்சம் பாரமானது. முதலில் காருக்குள் முன் காலடிக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பிசுபிசுத்த ஈரமும் இனிப்பு மணமும் இருந்தால், கண்ணாடி உள்ளே எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கினால், சூட்டுக் காற்றுக்கான சின்ன ரேடியேற்றர் ஒழுகுகிறது. அதுவும் இல்லையென்றால் எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் இடையில் இருக்கிற ஹெட் கஸ்கற்றில் சந்தேகம். சைலன்சரில் எஞ்சின் சூடான பிறகும் நிற்காத இனிப்பு மணமுள்ள வெள்ளைப் புகை, ஒயில் மூடியின் உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில் பசை, விடியத் தொடங்கி ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, ரேடியேற்றர் வாயில் விடாமல் குமிழி. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் காரை ஓட்டாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை சூடு மிஞ்சியதால்தான் கராஜுக்குப் போனீர்கள் என்றால், அந்தச் சூட்டிலேயே கஸ்கற் போயிருக்கலாம். பம் மாற்றியது வீண் என்று மெக்கானிக்கைத் திட்டமுடியாது, பம் தோற்றதுதான் தொடக்கம்.

கிணற்றுத் தண்ணியும் மஞ்சள் தூளும்

கசிவு தேடுகிற நாட்களில் என்னத்தை ஊற்றுவது? எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்கவைத்த கேத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, அடியில் வெள்ளைப் படை. அதே படை எஞ்சினுக்குள்ளும் பிடிக்கும். பற்றரிக் கடையில் விற்கிற சுத்தத் தண்ணியை வாங்குங்கள். பற்றரி அசிட்டும் அதே அலுமாரியில்தான் இருக்கும், போத்தலை வாசித்து வாங்குங்கள். கசிவு தீர்ந்த பிறகு தண்ணியோடே விட்டுவிடாமல் சரியான கூலன்றைக் கலவை அளவுப்படி விடுங்கள். நடு வழியில் வேறு வழியே இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணியும் ஊற்றலாம்தான். வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிடுங்கள்.

மஞ்சள் தூள் போடு, முட்டை உடைத்து ஊற்று என்று சொல்லுகிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் கார்களை ஓட்டிய கைகள் அவை, பெற்றோல் தாங்கியின் ஓட்டையைச் சவர்க்காரத்தால் அடைத்தவர்கள். அந்தக் கார்களில் அழுத்தமும் குறைவு, குழாய்களும் அகலம். இன்றைய ரேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்க்குள் மஞ்சள் தூள் போனால் ஓட்டையோடு சேர்த்து வழியையும் அடைக்கும். கடையில் விற்கிற கசிவடைக்கும் மருந்துக்கும் இதே பதில்தான்.

வழியில் சூடேறினால்

பல சின்னக் கார்களில் சூட்டுக்கு ஊசி இல்லை, குளிரில் நீல விளக்கு, மிஞ்சினால் சிவப்பு விளக்கு. சிவப்பு வந்தால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். 'மாங்குளச் சந்தி கிட்டத்தானே' என்று ஓட்டினால் கஸ்கற் செலவு உங்களுடையது. ஊசி உள்ள காரில் ஒரு பொறியும் உண்டு: தண்ணி முழுக்கப் போய்விட்டால் அளக்கிற சென்சர் வெறும் காற்றில் நிற்கும், ஊசி கீழே இறங்கலாம். ஏறிய ஊசி திடீரென்று விழுந்தால் நன்மை என்று நினைக்காதீர்கள். ஒரு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணி ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு சிக்கல். வீதியில் காயப்போட்ட நெல்லின் மேலால் போகிற கார்களின் ரேடியேற்றர் முகத்தில் பதரும் வைக்கோலும் அப்பும். காற்றுப் போகாமல் சூடேறும். கசிவென்று நினைத்துக் கராஜுக்குப் போக முதல் முன்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

திரும்பக் கராஜுக்கு

மட்டையையும் கொப்பியையும் கொண்டுபோங்கள். ஈரம் கண்ட இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். "அண்ணை, நாலு நாளில 120 கிலோமீற்றர் ஓடினது, இவ்வளவு இறங்கியிருக்கு, துளி விழுறது இடது சில்லுக்கு முன்னுக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்று தொடங்கினால் அவரும் ஸ்பனரோடு எழும்புவார். நான் அன்றைக்குத் தொடங்கியது வேறு மாதிரி, அதனால் பழைய ஹோஸுக்கும் கிளிப்புக்கும் காசு கொடுத்ததோடு மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. பூட்டிய புதுச் சாமானே ஒழுகினால் கூலி கேட்காமல் திருப்பிச் செய்வது முறை. பக்கத்துப் பழைய சாமான் என்றால் அது உங்கள் செலவு. கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள், கையில் எடுத்துப் பார்த்தால் அடுத்த தடவை உங்களுக்கே விளங்கும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் உடனே வவுனியாவுக்கு வெளிக்கிடாதீர்கள். கிளிநொச்சியில் இருந்து முறிகண்டி வரை ஓடுங்கள். எப்படியும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க நிறுத்தத்தான் போகிறீர்கள். எஞ்சினை நிறுத்தியதும் பம்மும் நின்றுவிடுவதால் உள்ளே சூடு இன்னும் கொஞ்சம் ஏறும், அழுத்தமும் ஏறும். ஓடும்போது ஒளிந்திருந்த கசிவு அந்தப் பத்து நிமிடத்தில்தான் வெளியே வரும். கச்சான் வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நீங்கள் மட்டையை எடுத்துக் காருக்கு அடியில் போட்டுவிட்டு, அவர்கள் வரும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.